கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு எக்ஸ்ட்ரா பில்

நான் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிய ஒரு வீட்டின் கிரகப்பிரவேசம் முடிந்து நாலாவது நாள், வீட்டுக்கார சாரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே வரிதான். “கூடுதல் வேலைகள், ஜி.எஸ்.டி. உட்பட: ரூ. 3,14,470.” சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “தம்பி, எல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஏமாந்துவிட்டோமோ என்ற பயம்தான் இருந்தது. அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

திருவெறும்பூர் பக்கம் கட்டிய வீடு அது. 1,240 சதுர அடி, சதுர அடிக்கு ரூ. 2,350 என்று 2023 தொடக்கத்தில் பேசினோம். மொத்தம் 29,14,000. கடைசி 5 சதவீதமான 1,45,700-ஐச் சாவி கொடுத்த பிறகு தருவதாக ஒப்பந்தம். அந்தத் தாளைக் கொடுத்ததும் அதுவும் நின்றுபோனது. ஒரு மாதத்துக்கு மேல் போன் எடுக்கவில்லை. ஜல்லிக்காரரும் கம்பிக் கடைக்காரரும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் பொய்க் கணக்கு எழுதவில்லை. கடைக்கால் போட்ட சமயம் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் என்று 2 அடி பேஸ்மென்ட்டை, அதாவது தரைக்கு மேல் வரும் அடித்தளத்தை, 3 அடியாக உயர்த்தச் சொன்னது சார்தான். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப் 6,000 லிட்டர் என்று பேசி 10,000 லிட்டர் கட்டினோம். காம்பவுண்ட் சுவர் ஒரு அடி கூடியது. முன் வராந்தாவை அடைத்து அறையாக்கினோம். கரண்ட் பாயின்ட் 14 கூடியது. பூஜை அறைச் சுவரைக் கட்டிப் பூசி முடித்த பிறகு, ஈசானிய மூலைக்கு மாற்ற வேண்டும் என்று இடித்தோம். எல்லாமே வாய்ப்பேச்சு. “பார்த்துச் செய்யுங்க தம்பி, கடைசியில கணக்குப் பார்த்துக்கலாம்” என்பார்கள், நானும் சரி என்பேன்.

வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு சொல்கிறது என்றார். பணம் தரும் நாள் குறிக்காத வேலை என்றால், வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். நோட்டீஸ் அனுப்பட்டுமா என்று கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதம் அந்த வீட்டம்மா கையால் டீ குடித்திருக்கிறேன்.

வழி காட்டியது எங்கள் ஊரில் இருக்கும் ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை ஓவர்சியர் ஒருவர். தாளைப் பார்த்தவுடனே கேட்டார். “இதுல அவருக்கு நீ திருப்பித் தர வேண்டியது எங்கே?” எனக்குப் புரியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொல்லி வரிவரியாகப் படிக்க வைத்தார். வாசல் தேக்கு நிலையும் கதவும் என் கணக்கில் இருந்தவை. ஆனால் சார் தன் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தார். அதன் மதிப்பு 34,000. பாத்ரூம் டைல்ஸை ஒரு அடி குறைத்து ஒட்டியதில் 4,500. அதோடு, நான் எழுதிய ரேட்டிலேயே வரி அடக்கம். அதை மறந்து, மேலே இன்னொரு முறை 18 சதவீதம் போட்டிருந்தேன். அந்தத் தாளை நம்பி அவர் ஏன் பணம் தர வேண்டும்?

மறுபடி உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒப்பந்தத்தில் என்ன இருந்தது, என்ன செய்தோம், வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று கட்டம். அதன் கீழே குறைந்த வேலைகள். கூடுதல் 2,66,500, கழிவு 38,500, மீதி 2,28,000. தொகையை மட்டும் பென்சிலில் எழுதினேன். அளந்து பார்த்த பிறகு பேனாவில் எழுதலாம் என்று சாரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்தோம். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். அவரை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே நியாயமானவை. சம்பை 9 அடி, 6.5 அடி, தண்ணீர் நிற்கும் ஆழம் 6 அடி என்று அளந்து, கன அடிக்கு 28.3 லிட்டர் என்று போனிலேயே பெருக்கினார். 9,900 சொச்சம் வந்தது. அடுத்தது பேஸ்மென்ட். “உள்ளே ஒரு அடி நிரப்ப 1,050 கன அடிதானே வருது, 13 யூனிட் கிராவல் எதுக்கு?” என்றார். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியில் வருவது உதிரி மண், தண்ணீர் விட்டு திமிசுக்கட்டையால் இடித்தால் இறங்கிவிடும் என்று சொல்லி லோடு ரசீதுகளைக் காட்டினேன். சரி என்றார்.

வராந்தாச் சுவரில்தான் கொஞ்சம் இழுபறி. 4-க்கு 4 ஜன்னல், 16 சதுர அடி. பூச்சுக் கணக்கில் அந்தப் பரப்பை இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும் என்றார். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 அளவு முறைப்படி, திறப்பு அரை சதுர மீட்டரிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை இருந்தால் ஒரு பக்கம்தான் கழிப்பு. ஜன்னலைச் சுற்றி உள்விளிம்பு பூசுகிற வேலைக்கு மறுபக்கம் ஈடாகிவிடும். 16 சதுர அடி என்பது ஒன்றரை சதுர மீட்டர். விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது பூஜை அறை. 24,000. இடித்த சுவரை எப்படி அளப்பது? நிலை வைக்கும் அளவு காட்ட என் மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஒன்று போனில் கிடந்தது. தேதியோடு, பூசி முடித்த சுவர். அதைக் காட்டும்போது வீட்டம்மா சமையலறையிலிருந்து வந்தார். “ஆமாப்பா, நான்தான் இடிக்கச் சொன்னேன். பாவம், அன்னிக்கு ரெண்டு சித்தாளு ராத்திரி ஏழு மணி வரைக்கும் செங்கல் பொறுக்குனாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

“ரவுண்டா 2,25,000 வெச்சுக்கலாமா தம்பி?” என்று சார் கேட்டார். உடனே சரி என்றேன். பிடித்து வைத்த தொகையோடு சேர்த்து 3,70,700. இரண்டு லட்சம் மறுநாளே பேங்கில் ஏறியது, மீதி தீபாவளிக்கு முன்னால் வந்தது.

அதற்குப் பிறகு கார்பன் வைத்த சின்ன புத்தகம் ஒன்றை எப்போதும் வண்டியில் வைத்திருக்கிறேன். கூடுதலாக எது கேட்டாலும் வேலை, அளவு, ரேட், எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று நாலு வரி எழுதி, கலவை போடுவதற்கு முன்னால் கையெழுத்து வாங்குகிறேன். குறைந்த வேலையையும் அதே புத்தகத்தில் எழுதுகிறேன். போன வாரம் லால்குடி சைட்டில் வீட்டுக்கார அம்மா ஒரு ரூமுக்கும் சமையக்கட்டுக்கும் லாஃப்ட் (பரண்) கூடக் கேட்டார். எழுதி நீட்டினேன். 9,600 என்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தவர், “அப்ப அந்த ரூமுக்கு வேணாம், சமையக்கட்டுக்கு மட்டும் போடுங்க” என்றார். அடித்துவிட்டு 4,200 என்று திருத்தினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.