கெர்னல் இன்டரப்ட்: நான் படித்த வரிசை

ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் பலரும் மனப்பாடம் செய்து தாண்டிப்போகிற பகுதி இன்டரப்ட், அதாவது ஒரு சாதனம் சிபியுவின் வேலையை இடைமறித்து 'என்னைக் கவனி' என்று கூப்பிடுவது. செமஸ்டர் தேர்வுக்கு அது போதும். காட்பாடியில் ரயிலேறி பெங்களூரில் எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள்) வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்குத்தான் போதாது. இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வேலூரில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக நான் படித்த வரிசையை எழுதுகிறேன்.

முதலில் லினக்ஸ் போட்ட லேப்டாப்பில், ப்ராக் கோப்பகத்தில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பை வாட்ச் கட்டளையில் ஓடவிடுங்கள். சிபியுவின் ஒவ்வொரு கோருக்கும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு இன்டரப்டுக்கும் ஒரு வரி. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு பெரும்பாலும் 1-ஆம் எண் வரியில் இருக்கும். ஒரு எழுத்தைத் தட்டினால் எண்ணிக்கை இரண்டு கூடும்: அழுத்தியதற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று.

அப்புறம் எக்ஸ்வி6. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாடம் நடத்துவதற்காக எழுதிய சின்ன கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி). ரிஸ்க்-ஃபைவ் சிபியுவுக்கான பதிப்பை க்யூஎம்யூ என்ற எமுலேட்டரில் ஒரே கோரில் ஓட்டுங்கள். (பழைய பதிப்பு சும்மா இருக்கும்போதும் சிபியுவைச் சுற்றவிடும். மே மாத வேலூர் வெயிலில் லேப்டாப் கொதித்துவிடும், வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.) அதில் டெவ்-இன்டர் என்ற ஃபங்ஷன்தான் உயிர். இன்டரப்ட் வந்ததும், சாதனங்களின் இன்டரப்டைச் சிபியுவுக்கு அனுப்பிவைக்கும் பிளிக் கன்ட்ரோலரிடம் 'யார் கூப்பிட்டது?' என்று கேட்கும். 10 என்றால் யூஆர்ட் (சீரியல் போர்ட்), 1 என்றால் டிஸ்க். உரிய ஹேண்ட்லரை (அந்த இன்டரப்டைக் கவனிக்கும் ஃபங்ஷனை) ஓட்டிவிட்டு 'முடிந்தது' என்று பிளிக்குக்குச் சொல்லும். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஷெல் வரை போகாமலே நின்றுவிடும். முதல் டிஸ்க் இன்டரப்டுக்கு 'முடிந்தது' போகாததால் அடுத்ததை பிளிக் அனுப்பாது. டிஸ்க்குக்காகத் தூங்கும் (சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும்) பிராசஸை எழுப்ப ஆளில்லை. இந்த ஒரு சோதனையில் கிடைக்கும் தெளிவு பத்துப் பக்க நோட்ஸில் கிடைக்காது.

அடுத்து லினக்ஸ் டிரைவர், சாதனத்தை இயக்கும் கெர்னல் கோட். இங்கே எல்லாம் ஒரே விதியிலிருந்து கிளைக்கிறது: ஹேண்ட்லர் தூங்கக் கூடாது. "இன்னாண்ணா, உள்ள மியூட்டெக்ஸ் போட்டா இன்னா ஆவும்?" என்று ஜூனியர் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மியூட்டெக்ஸ் ஒரு வகை லாக்; அது கிடைக்காவிட்டால் தூங்கிக் காத்திருக்க வேண்டும். ஹேண்ட்லருக்கென்று சொந்தமாக பிராசஸ் கிடையாது; வழியில் எவன் ஓடிக்கொண்டிருந்தானோ அவன் மேல் ஏறி ஓடுகிறது. அதைத் தூங்க வைத்து மறுபடி எழுப்ப வழியில்லை. அதனால்தான் தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் ஸ்பின்லாக், அதனால்தான் மெமரி கேட்கும்போது 'தூங்காமல் கொடு' என்று சொல்லும் ஜிஎஃப்பி அட்டாமிக், அதனால்தான் நீண்ட வேலையைப் பிறகு செய்யும் வரிசையான வொர்க்-க்யூவுக்குத் தள்ளுவது. 2.6.30 கெர்னலில் த்ரெடட் ஐஆர்க்யூ (ஐஆர்க்யூ என்றால் இன்டரப்ட் கோரிக்கை) வந்ததும் இதற்காகவே: தனி த்ரெட் என்பதால் அங்கே தூங்கலாம்.

பிடிக்கும்போதே அந்தக் கோரில் இன்டரப்டை நிறுத்திவைக்கும் ஐஆர்க்யூ-சேவ் வகை ஸ்பின்லாக் எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். சாதாரண கோட் லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்டால், விடுவிக்க வேண்டியவன் கீழே மாட்டியிருக்கிறான், மேலே இருப்பவன் சுற்றிக்கொண்டே இருப்பான். பலகையில் படம் போட்டுக் காட்டுங்கள்.

பல சாதனங்கள் ஒரே இன்டரப்ட் லைனைப் பகிரும்போது, நம் சாதனம் கூப்பிடவில்லை என்றால் ஹேண்ட்லர் ஐஆர்க்யூ-நன் ('என்னுடையது இல்லை') திருப்பித் தர வேண்டும். 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாருமே உரிமை கோராவிட்டால் லினக்ஸ் அந்த லைனையே மூடிவிடும்.

கேட் (முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு) எழுதுபவர்களுக்கு 2005 வினாத்தாளில் ஒரு கணக்கு இருக்கிறது. நொடிக்கு 10 கிலோபைட் சாதனம், பைட் பைட்டாக வருகிறது, இன்டரப்ட் செலவு 4 மைக்ரோசெகண்ட். ஒரு பைட்டுக்கு 100 மைக்ரோசெகண்ட், ஆகவே சிபியு சாதனத்தையே பார்த்துக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் லாபம் 25 மடங்கு. சாதனத்தின் வேகத்தை ஏற்றிப் போட்டுப் பாருங்கள், லாபம் கரைந்துவிடும். பாக்கெட்டுகள் குவியும்போது நெட்வொர்க் கார்டின் இன்டரப்டை நிறுத்திவிட்டு லினக்ஸ் தானே போய் எடுத்துக்கொள்ளும் நாப்பி முறை இதற்காக வந்தது. அதையும் படித்துக்கொண்டு போங்கள், கேட்பார்கள்.