இருபது நிமிடத்துக்கு மூன்று நடை

மகளை மாண்டிசோரி பள்ளியில் சேர்த்த பிறகு வந்த முதல் இலையுதிர்காலப் பருவம் இப்போதுதான் முடிந்தது. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வாரத்திலேயே காலணியைத் தானே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். திண்டாடியது நான்தான். அவள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்த இருபது நிமிடத்துக்காக மூன்று நடை நடந்தேன். அது போதாதென்று அரைநாள் பள்ளி என்று தெரியாமல் பிள்ளையை ஆபீஸில் காக்க வைத்தேன். தோட்ட வேலைக்கென்று மழையில் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எல்லாம் அந்தச் செய்திமடலால் வந்த வினை. பருவத் தொடக்கத்தில் ஆறு பக்கத்துக்கு ஒன்று அனுப்பினார்கள். முதல் பக்கம் வரவேற்பு, இரண்டாம் பக்கம் பிள்ளைகளின் படங்கள். என் மகள் எந்தப் படத்தில் இருக்கிறாள் என்று தேடினேன், ஒரு மூலையில் முதுகு தெரிந்தது, சந்தோஷமாக மூடி வைத்துவிட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தேதிகளை அட்டவணையாகப் போட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அவர்களோ கதைபோல எழுதி, ஒவ்வொரு பத்தியின் நடுவிலும் ஒரு தேதியைச் செருகி வைத்திருந்தார்கள். உங்கள் கைக்கு இப்படி ஒரு மடல் வந்தால், பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 'பதிவு', 'கையெழுத்து', 'மழை' என்ற மூன்று சொற்கள் எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். 'மழை' ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அப்சர்வேஷன் வாரம். பெற்றோர் வகுப்பறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற வரி மட்டும் ஞாபகம் இருந்தது. வாரம் என்றால் அந்த வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நானே முடிவு கட்டி, வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். ஆபீஸில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பேர் லிஸ்ட்ல இல்லையே" என்றார்.

"லிஸ்டா?"

"மூணாம் பக்கத்துல போட்டிருந்தோமே."

ஒரு வகுப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு நாற்காலிதான். முன்கூட்டியே நேரம் பதிவு செய்ய வேண்டும். அந்த வாரத்தில் ஓர் இடமும் மிச்சமில்லை. கெஞ்சிப் பார்த்தேன், நான் பேசப் பேச அவர் முகம் மரப்பலகையாகிக்கொண்டே போனது. ஒரு பாரத்தைக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்தார். அதுவே பெரிய சலுகை என்பது போன்ற பார்வை.

இரண்டாவது நடை. பாரத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தேன். இடுப்பில் சின்னவன். அந்த அம்மாள் பாரத்தை வாங்கினார், மெதுவாகத் திருப்பினார்.

"பின்பக்கம் கையெழுத்து?"

பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிள்ளைகளோடு பேசமாட்டேன், படம் எடுக்கமாட்டேன், செல்போனை அணைத்து வைப்பேன், தம்பி தங்கைகளை அழைத்து வரமாட்டேன் என்று நான்கு உறுதிமொழிகள். இப்போதே போட்டுத் தருகிறேன் என்று பேனா கேட்டேன்.

"தாராளமா போடுங்க. ஆனா தம்பிய எங்க விடுவீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விதி சரிதானே?" என்றார். அந்த ராத்திரி அவரோடு பேசவில்லை.

மூன்றாவது நடையில் உள்ளே விட்டார்கள். ஒரு தாழ்வான நாற்காலி, குறிப்பெழுத ஒரு தாள். சுவரோரமாக உட்கார்ந்தேன். மூன்று வயது முதல் ஆறு வயது வரை எல்லோரும் ஒரே அறையில். கண்ணை மூடினால் இத்தனை பிள்ளைகள் இருக்கும் இடம் என்று சொல்ல முடியாது, அப்படி ஒரு தாழ்ந்த முணுமுணுப்பு. முதல் நாள் இரவே மகளிடம், "அம்மா நாற்காலியில உட்கார்ந்து எழுதுவேன், அது அம்மா வேலை. நீ உன் வேலையைப் பாரு" என்று சொல்லி வைத்திருந்தேன். இது இன்னொரு தாய் சொல்லித் தந்த வழி, அருமையாக வேலை செய்தது. ஒருமுறை பார்த்தாள், சிரித்தாள், அவ்வளவுதான்.

அவள் இளஞ்சிவப்புக் கோபுரம் கட்டுவதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கட்டைகள், மாண்டிசோரி என்றாலே எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற அந்தக் கோபுரம். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு சின்ன ஜாடியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாவது தடவை கை நழுவி மேசை முழுவதும் தண்ணீர். நான் பாதி எழுந்துவிட்டேன். அறையின் மறுகோடியில் தரையில் உட்கார்ந்திருந்த ஆசிரியை (இங்கே அவரை வழிகாட்டி என்பார்கள்) நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மகளை அல்ல, என்னை. உட்கார்ந்துவிட்டேன். அவர் இடத்தைவிட்டு நகரவில்லை. மகள் போய் ஸ்பாஞ்சு எடுத்து வந்தாள், ஒற்றினாள், வாளியில் பிழிந்தாள். வயதில் பெரிய ஒரு பையன் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். துடைத்து முடித்ததும் அவன் தன் வேலைக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு, மிச்சமிருந்த நேரம் முழுக்க, என் மகள் மேசை கழுவினாள். ஏற்கெனவே துடைத்த மேசையை. சோப்பு, பிரஷ், வட்ட வட்டமாகத் தேய்ப்பு, துடைப்பு, திரும்ப முதலிலிருந்து. மூன்று நடை நடந்து இதைப் பார்க்கவா வந்தேன் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். வெளியே வந்ததும் வழிகாட்டியிடம் கேட்டே விட்டேன். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வட்ட அசைவு, இவையெல்லாம் நாளைக்கு எழுதப்போகிற கைக்கான தயாரிப்பு என்றார். அப்புறம் அந்தப் பழைய கதையைச் சொன்னார். 1907ல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்தில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உருளைக் கட்டைகளைக் குழிகளில் போட்டு எடுத்து நாற்பது தடவைக்கு மேல் செய்தாளாம். சுற்றிலும் மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும்கூட அவள் நிறுத்தவில்லையாம். அந்தக் கதையோடு பார்த்தால் என் மகள் நான்கே தடவைதான் கழுவினாள், பரவாயில்லை.

நேரம் பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். காலையில் மூன்று மணி நேரம் இடைவெளி விடாமல் வேலை நடக்கும். அதன் நடுவில், ஒரு மணி நேரம் கழிந்ததும், அறையே கொஞ்சம் கலகலத்துப் போகும். பிள்ளைகள் எழுந்து சுற்றுவார்கள், சத்தம் ஏறும். இதைப் 'பொய்க் களைப்பு' என்கிறார்கள். சற்று நேரத்தில் தானாக அடங்கி, அதற்குப் பிறகுதான் பெரிய வேலைகளை எடுப்பார்களாம். என்னோடு பேசிய ஒரு தந்தைக்கு மிகச் சரியாக அந்த நேரம்தான் கிடைத்தது. "என்னங்க இது, சந்தை மாதிரி இருக்கு" என்று பதறிப்போய்ப் பள்ளியை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை கடைசி அரைமணி நேரத்துக்குப் பதிவு செய்யச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, பள்ளி மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை.

செப்டம்பர் 21, உலக அமைதி நாள், ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது. பிள்ளைகள் பாடினார்கள், நாங்கள் நின்று கேட்டோம். மரியா மாண்டிசோரியின் பெயர் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் அமைதி நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்று அங்கே சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

இலைகளில் சறுக்கினேன். வெவ்வேறு வடிவ இலைகள் கொண்டுவரவும் என்று மடலில் இருந்தது. நான் கடையில் கைவேலைக்கு விற்கும் துணி இலைகளை வாங்கி, அழகாகப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். மாலையில் அதே பொட்டலம், 'நிஜ இலைகள் வேண்டும், நன்றி' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. விஷயம் என்னவென்றால், வகுப்பில் இலை வடிவங்களுக்கென்றே ஓர் இழுப்பறைப் பெட்டி இருக்கிறது. இதய வடிவம், ஈட்டி வடிவம், சிறுநீரக வடிவம், ஊசி வடிவம் என்று மரத்தில் வெட்டிய அச்சுகள். வெளியிலிருந்து வரும் இலையை அந்த அச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அவள் குனிந்து குனிந்து பொறுக்கி, "அம்மா, இது ஈட்டி. இது இதயம் இல்ல, பாரு, அடியில குழி இல்ல" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். ஈர இலையைப் பையில் அடைத்துவிடாதீர்கள், மறுநாளே கறுத்துவிடும். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே ஒரு கனமான புத்தகம்.

பெற்றோர் சந்திப்பு நாட்களில் பள்ளி அரைநாள்தான் என்பது ஐந்தாம் பக்கம். நான் வழக்கம்போல மாலையில் போனேன். என் மகள் ஆபீஸில், அதே அம்மாளின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குக் காகிதம் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தடவை போன் செய்தார்களாம். என் போன் மீட்டிங்குக்காகச் சைலன்டில் கிடந்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை. "பொண்ணு நல்லா மடிக்கிறா" என்றார் அந்த அம்மாள். அவர் வாயிலிருந்து கேட்ட முதல் நல்ல வார்த்தை. அவசரத் தொடர்புக்கு இரண்டாவது எண் கேட்கும் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அன்றைக்கே கணவர் எண்ணை எழுதிக் கொடுத்தேன். சந்திப்பு சுமுகமாக முடிந்தது. மதிப்பெண் இல்லை, எந்தப் பாடத்தை எப்போது காட்டினார், அவள் அதைத் திரும்ப எடுத்தாளா என்ற வழிகாட்டியின் குறிப்பேடுதான்.

அடுத்து அந்த 'மழை'. தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஒரு சனிக்கிழமை பெற்றோரை அழைத்திருந்தார்கள். கையுறை, வாரியல், பழைய சட்டை எல்லாம் தயார். காலையிலிருந்தே தூறல். தூறலுக்கெல்லாம் பயப்படுவதா என்று போனேன். கேட் பூட்டியிருந்தது. மழை வந்தால் அடுத்த சனி என்று கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. வாரியலோடு நனைந்து நின்ற என்னைப் பார்த்து நாயோடு நடந்து போன ஒருவர் சிரித்துவிட்டுப் போனார்.

பிறந்தநாள் கொண்டாட்டத்தில் மட்டும் தப்பித்தேன், அதுவும் மயிரிழையில். வகுப்பின் நடுவில் சூரியனாக ஒரு மெழுகுவர்த்தி. பிள்ளை கையில் சிறிய பூமி உருண்டையோடு வயதுக்கு ஒரு சுற்று வரும், ஒவ்வோர் ஆண்டின் படமும் காட்டப்படும். படங்கள் தாளில் வேண்டும். எல்லாம் போனில் இருக்கிறது என்று மெத்தனமாக இருந்தேன். முதல் நாள் மாலை தேடினால் இரண்டு வயதுப் படம் ஒன்றுகூட இல்லை, தொலைந்துபோன பழைய போனோடு போயிருக்கிறது. நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவர் அனுப்பிய ஒரே படத்தில் மகள் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அதையே அச்செடுத்துக் கொடுத்தேன். நான்கு படங்களில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தது அதைத்தானாம்.

பருவத்தின் கடைசியில் பெரியவர்களுக்கு மட்டுமான மௌனப் பயணம். சின்ன வகுப்பிலிருந்து பெரிய வகுப்பு வரை ஒவ்வோர் அறையாகப் பேசாமல் நடந்து பார்த்துவிட்டு, பிறகு கருவிகளை நாமே எடுத்துச் செய்ய வேண்டும். இதற்கு முதல் ஆளாகப் பதிவு செய்திருந்தேன். எனக்கு உருளைக் கட்டை வந்தது. வெவ்வேறு அளவில் பத்துக் குழி, அவற்றுக்குப் பொருந்தும் பத்துக் கட்டை, மூன்று வயதுப் பிள்ளை செய்கிற வேலை. ஒன்பதைப் போட்டுவிட்டுப் பார்த்தால் பத்தாவது எந்தக் குழியிலும் நுழையவில்லை. யாரும் 'தப்பு' என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை; கையில் மிஞ்சிய கட்டையே சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி தொடங்கினேன். செய்திமடலிலும் இப்படி ஏதாவது வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

போன வாரம் குளிர்காலப் பருவத்துக்கான மடல் வந்தது. ஏழு பக்கம். பேனாவோடு உட்கார்ந்தேன். மறுநாள் காலை மகளை விட்டுவிட்டு நேரே ஆபீஸுக்குப் போய் அப்சர்வேஷன் பாரத்தை நீட்டினேன். அந்த அம்மாள் முன்பக்கத்தைப் படித்தார், மெதுவாகத் திருப்பினார். கையெழுத்து இருந்தது. ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கடைசி அரைமணி நேரம் போடட்டுமா?" என்று கேட்டார்.