அலெக்சாண்டிரியாவுக்கு இரண்டு இரவாவது ஒதுக்குங்கள்

கெய்ரோவில் காலையில் கிளம்பி, அலெக்சாண்டிரியாவைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்று விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாவை வாங்காதீர்கள். இடையில் சுமார் 220 கிலோமீட்டர். போக வர ஆறு மணி நேரம், கெய்ரோ நெரிசலுக்குத் தனியாக ஒரு மணி நேரம். தொல்லியல் இடங்களில் பெரும்பாலானவை மாலை நான்கு, ஐந்துக்கெல்லாம் சாத்தப்படும்; டிக்கெட் கவுன்ட்டர் அதற்கும் முன்னாலேயே மூடிவிடும். இதில் மதியச் சாப்பாட்டையும் கழித்தால் என்ன மிஞ்சும்? இரண்டு இரவு தங்கினால் ஊர் பிடிபடும். மூன்று என்றால் இரண்டாம் உலகப் போர்க்களமான அல் அலமெய்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலுக்குப் பயந்து கெய்ரோவாசிகள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்குவார்கள். அறை வாடகை ஏறும், கடற்கரையில் குடைக்குக் குடை இடிக்கும். குளிர்காலத்தில் வேறு சிக்கல். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை புயல்மழை தவணை தவணையாக வரும். உள்ளூர்க்காரர்கள் இதற்குப் பஞ்சாங்கம் போல ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 'நவ்வா'வுக்கும் ஒரு பெயர், தோராயமாக ஒரு தேதி: நவம்பரில் மக்னசா, டிசம்பர் தொடக்கத்தில் காசிம், ஜனவரி நடுவில் ஃபைதா கபீரா. அந்த நாட்களில் அலை கடலோரச் சாலையான கார்னிஷ் வரை தெறிக்கும், தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கும். எகிப்து என்றால் பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகிறவர்கள் ஜனவரியில் நடுங்குவார்கள். ஏப்ரல், மே நல்ல மாதங்கள்தான், ஆனால் கம்சின் புழுதிக்காற்று அடிக்கும் நாளில் வெளியே நிற்க முடியாது. என் ஓட்டு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரைக்கும்தான். கூட்டம் வடிந்திருக்கும், கடலில் வெதுவெதுப்பு இன்னும் இருக்கும். ரமலான் எப்போது வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் எல்லா இடங்களும் இன்னும் சீக்கிரம் மூடும், பகலில் சாப்பாட்டுக்கு அலைய வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இ-விசாவுக்கு எகிப்து அரசின் தளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை அதே சாயலில் இருக்கும் இடைத்தரகர் தளங்கள். கட்டணம் பல மடங்கு. முகவரி அரசுத் தளத்துக்கு உரியதுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். குடும்பப்பெயர் இல்லாத நம்மவர்களுக்கு இங்கேதான் உதைக்கும். விமானச் சீட்டிலும் அதே வரிசையில் பெயர் இருக்கட்டும்.

கெய்ரோவில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வளைகுடா வழியாக நேராக அலெக்சாண்டிரியாவின் போர்க் அல் அரப் விமான நிலையத்துக்கே வரலாம். கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஷார்ஜா வழியாக ஏர் அரேபியாவில் பார்த்தால் பலசமயம் கெய்ரோ வழியைவிடச் சுலபமாக முடியும். ஆனால் அந்த விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. நள்ளிரவில் இறங்கினால் வாசலில் நிற்கும் டாக்சிக்காரர் சொன்னதுதான் விலை. ஓட்டலிடம் முன்கூட்டியே வண்டி சொல்லி வைப்பது நல்லது.

கெய்ரோவிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் சரி. ரம்சிஸ் நிலையத்தில் ஏறி, ஏசி வண்டியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். டிக்கெட்டிலும் பெட்டியிலும் எண்கள் அரபு எழுத்துருவில் இருக்கும். நிறையப் பேர் தவறான இருக்கையில் உட்காருவது இதனால்தான். சிறு வட்டம் போல இருப்பது 5, வெறும் புள்ளிதான் பூஜ்யம். நம் 7 போலத் தெரிவது 6. ஆங்கில வி எழுத்து போல இருப்பது 7, அதையே தலைகீழாகக் கவிழ்த்தால் 8. இடவலம் திரும்பிய 3 போல இருப்பது 4. இந்த ஆறையும் பழகிக்கொண்டால் பேருந்து எண், கடை விலைச்சீட்டு, மீன் தராசு எல்லாம் புரியும். இன்னொன்று, ஊருக்குள் வண்டி இரண்டு இடத்தில் நிற்கும்: முதலில் சிதி காபர், கடைசியாக மஸ்ர் நிலையம். கூட்டமெல்லாம் சிதி காபரில் இறங்குகிறதே என்று கூடவே இறங்கிவிடாதீர்கள். உங்கள் ஓட்டல் ஸ்மூஹா, ஸ்டான்லி பக்கம் என்றால் சிதி காபர். பழைய நகரம் என்றால் மஸ்ர்.

தங்குமிடம் தேடும்போது வரைபடத்தைப் பாருங்கள். இந்த ஊர் கடலோரமாக இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒல்லியான பட்டை. கிழக்குக் கோடியில் முந்தஸா பக்கம் அறை எடுத்தால் ஒவ்வொரு நாளும் கார்னிஷ் நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும். முதல்முறை போகிறவர்கள் நகர மையத்தில் உள்ள ரமல் டிராம் நிலையத்தைச் சுற்றியே அறை பாருங்கள். அங்குள்ள பல ஓட்டல்கள் பழைய கட்டடங்களின் மேல்மாடிகளில் இருக்கின்றன, லிஃப்டும் அதே வயதுதான். மாடி எத்தனை, லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கடல் பார்த்த அறையில் விடிய விடிய ஹாரன் சத்தம் கேட்கும். தூக்கம் முக்கியம் என்றால் பின்பக்க அறை கேளுங்கள். ரமல் டிராமும் அபூ கீர் ரயில் பாதையும் புதுப்பிப்பில் சிக்கியிருப்பதால் அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். கறுப்பு மஞ்சள் டாக்சியில் ஏறும் முன்பே விலை பேசுங்கள், அல்லது ஊபர் போட்டுவிடுங்கள்.

முதல் நாள் காலை மேற்கே கர்மூஸ் பகுதி. பாம்பே தூண் (Pompey's Pillar) என்று பெயர் வாங்கிவிட்ட தூணுக்கும் ரோமத் தளபதி பாம்பேக்கும் சம்பந்தமில்லை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நட்டது. பீடமும் உச்சியும் சேர்த்து 27 மீட்டருக்குச் சற்றே குறைவு, அஸ்வான் சிவப்புக் கிரானைட், நடுத்தண்டு ஒரே கல். அங்கிருந்து பத்து நிமிட நடையில் கோம் அஷ் ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறைகள். 1900இல் ஒரு கழுதை குழியில் விழுந்ததால் வெளிப்பட்டது என்பார்கள். சுழல் படிக்கட்டில் 99 படிகள் இறங்க வேண்டும், முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். முதன்மை அறையின் வாசலில் செதுக்கியுள்ள எகிப்தியக் கடவுள் அனுபிஸின் தலை நரி, உடுப்போ ரோமப் போர்வீரனுடையது. எகிப்தும் ரோமும் ஒரே சுவரில் கலந்து நிற்பதை வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்க முடியாது.

மதியத்துக்கு மேல் மஸ்ர் நிலையம் அருகே கோம் அத் திக்கா ரோம அரங்கு, பிறகு கிரேக்க-ரோம அருங்காட்சியகம். 2005இல் மூடி, 2023 அக்டோபரில்தான் திறந்தார்கள். பழைய வழிகாட்டிகளில் 'மூடியுள்ளது' என்றே இருக்கும். சங்கப் பாடல்களின் முசிறியில் ஏறிய சரக்கு செங்கடல் வழியாக வந்து, பாலைவனம் கடந்து, நைலில் படகேறி இந்த ஊரில்தான் இறங்கியது. ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் 25 விழுக்காடு சுங்கமும் பேசும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் இருப்பது வியன்னாவில். அதை இங்கே தேடாதீர்கள்.

இரண்டாம் நாள் நூலகமும் கெய்த்பே கோட்டையும். 2002இல் திறந்த புதிய நூலகத்தில் பைகளை வெளியே ஒப்படைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். வெள்ளி, சனிக்கிழமை நேரங்கள் வேறு, முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கோட்டை நிற்பது ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் இருந்த இடத்தில். பக்கத்து ராஸ் அத் தீன் கடற்படைப் பகுதியை நோக்கிக் கேமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அனுமதியில்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறிமுதல்.

தொல்லியல் துறை இடங்கள் பலவற்றில் டிக்கெட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவைக்காவிட்டால் கவுன்ட்டரில் மாட்டிக்கொள்வீர்கள். டாக்சிக்கும் தேநீருக்கும் சில்லறை நோட்டுத்தான் செல்லுபடி. 200 பவுண்டை நீட்டினால் மீதி வராது. வாட்சாப்பில் செய்தி போகும், அழைப்பு பலசமயம் போகாது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கோட்டைக்கு அருகில் பஹரி பகுதியில் மீன் சாப்பிடுங்கள். பனிக்கட்டிமேல் அடுக்கியிருக்கும் மீனில் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், விலை கிலோ கணக்கு. எடை போட்டதும் சமைக்கும் கூலி சேர்ந்ததா தனியா என்று கேளுங்கள். பில் எகிறுவது அங்கேதான். முதுகைப் பிளந்து விரித்து, தக்காளி, குடைமிளகாய், பூண்டு பரப்பிச் சுட்டால் 'சிங்காரி'. தவிடு பூசிச் சுட்டால் 'ரத்தா': தோல் கருகும், உள்ளே சதை உலராது. நம் நாக்குக்கு இரண்டுமே காரம் குறைவு. கூட வெங்காயத்தைக் கருக வறுத்துச் செய்யும் 'சயாதியா' சோறு கேளுங்கள். சைவக்காரர்கள் 'ஸியாமி' என்று சொல்லிப் பாருங்கள். காப்டிக் கிறிஸ்தவர்களின் நோன்புச் சாப்பாடு, இறைச்சி, பால், முட்டை இல்லாதது. சிலர் மீனைச் சேர்ப்பார்கள் என்பதால் அதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபூல் (வேகவைத்த பயறு), தாமியா (பயறு வடை), கொஷரி (சோறு, பருப்பு, பாஸ்தா கலவை) எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

குளிக்க ஆசை என்றால் மஆமூரா பக்கம் போங்கள். சிவப்பு, கறுப்புக் கொடி பறந்தால் கரையோடு நில்லுங்கள். மேற்கே அஜமி பக்கத்து நக்கீல் கடற்கரையில் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். நீந்தத் தெரியும் என்ற தைரியம் அங்கே உதவாது.

மூன்றாம் நாள் இருந்தால் மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் அல் அலமெய்ன். காமன்வெல்த் போர்க் கல்லறையின் தென்கிழக்கு மூலையில் தகன நினைவிடம் ஒன்று உண்டு. எகிப்திலும் லிபியாவிலும் இறந்து, தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 600க்கும் மேற்பட்ட வீரர்களுக்கானது. பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் வாசல் வளைவோடு திருப்பிவிடும், அந்த மூலைக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்சியைப் போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்தே பேசி முடியுங்கள். திரும்பி வர அங்கே வண்டி பிடிப்பது கஷ்டம்.