அடீனியத்தில் கொம்பு பிடித்துவிட்டது

இந்தக் கோடையில் பிடித்துவிட்டது. பாலைவன ரோஜா என்பார்களே, அந்த அடீனியத்தில் கொம்பு என்றால் அதன் விதைக்காய். மதிலோரம் நிற்கும் பழைய இளஞ்சிவப்புச் செடியில் இரண்டு சோடிக் கொம்பு, வெள்ளையில் ஒரு சோடி. மூன்றும் கையால் மகரந்தம் வைத்துக் கிடைத்தவை. பூ விழுந்த இடத்தில் பச்சையாக இரண்டு முனை தெரிந்தபோது நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு விரல் நீளம் வந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்து சாண் நீளத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. இனிச் சொல்லலாம்.

மண் கலவையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பருமணல், செங்கல் நொருங்கல், ஊமல் கரி, கொஞ்சம் மக்கிய ஆட்டெரு. எல்லாரும் செய்வதுதான். நான் எழுத வந்தது மகரந்தம் வைக்கும் வேலையைப் பற்றி மட்டும். ஏனென்றால் அதைத் தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. கைத்தொலைபேசியில் பார்க்கும் வீடியோக்களில் சரியாக அந்த இடம் வரும்போதுதான் கை மறைத்துவிடும்.

முதலில் சோடி பார்க்க வேண்டும். அடீனியம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தான் ஏற்காது. ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒட்டிய இரண்டு கன்றுகளும் அதற்கு ஒரே செடிதான், ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் வைத்துப் பயன் இல்லை. என்னிடம் இளஞ்சிவப்பு விதைச்செடி, வெள்ளை ஒட்டுச்செடி. இரண்டும் ஒரே கிழமையில் பூக்க வேண்டும். சித்திரையில் அது அமைந்தது.

பூ விரிந்த முதல் நாள், அல்லது அடுத்த நாள். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். பூவின் குழாயைப் புது பிளேட்டால் ஒரு பக்கம் நெடுக்காகக் கீறி, இதழை விலக்க வேண்டும். உள்ளே ஐந்து மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நிற்கும். அவற்றின் நுனியிலிருந்து மயிர் அடர்ந்த வால்கள் மேலே போகும். பலர் அந்த வால்களைத்தான் மகரந்தம் என்று எண்ணித் தடவிக்கொண்டிருப்பார்கள். மகரந்தம் கூம்புக்கு உள்ளே, உச்சிப் பக்கமாக, வெளிர் மஞ்சள் மாவாக இருக்கும். வால்களைப் பிடித்து மெதுவாக விரித்தால் கூம்பு திறக்கும், அப்போதுதான் எடுக்கலாம்.

எடுப்பது பாதி வேலை. வைப்பதுதான் வேலை. மகரந்தத்தை வாங்கும் பூவின் கூம்பைத் திறக்கக் கூடாது. அதற்குள் சூலகமுடி ஒரு சின்னத் தலையாக இருக்கிறது. அந்தத் தலையின் மேற்புறத்தில் என்ன வைத்தாலும் பிடிக்காது. மகரந்தத்தை ஏற்கும் இடம் தலைக்கு அடிப்பக்கம். அதற்கு வழி, கூம்பின் கீழ்ப்பாதியில் இரண்டு மகரந்தப் பைகளுக்கு நடுவே இருக்கும் பிளவு. வெளியிலிருந்து அந்தப் பிளவுக்குள் நுழைந்து, அங்கிருந்து மேல்நோக்கி ஒரு சின்னத் தள்ளு. அவ்வளவுதான். அந்தத் தள்ளு சரியாக அமைந்தால் விரலுக்கே தெரியும், ஒரு மெல்லிய தடை வந்து நிற்கும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் காம்பு முறிந்து பால் வந்துவிடும். பால் வந்த பூவை அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

கருவிக்கு வருகிறேன். தூரிகை வேண்டாம். எவ்வளவு மெல்லிய தூரிகை என்றாலும் ஈரக்காற்றில் மயிர் பிரியும், மகரந்தம் மயிர்களுக்கு நடுவில் போய் ஒளிந்துவிடும். பல்குத்தும் குச்சி தடிப்பு, பிளவைக் கிழிக்கும். குண்டூசி வழுக்கும், மகரந்தம் அதில் நிற்காது. எனக்குச் சரிவந்தது தங்கூசி, தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் இழை. பருத்தித்துறையில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. அதில் ஒரு துண்டை வெட்டி, முனையை மணல்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துச் சொரசொரப்பாக்கி, மறுமுனையை மை தீர்ந்த பேனாக் குழாயில் சொருகிக்கொண்டேன். மகரந்தம் அந்தச் சொரசொரப்பில் நன்றாக ஒட்டுகிறது. வளையும், ஆனால் மடியாது. மிக மெல்லியது பிளவுக்குள் போகும்போது நெளிந்துவிடும், தடித்தது நுழையவே நுழையாது. ஆகவே கடையில் நின்று கையால் வளைத்துப் பார்த்து நடுத்தரமானதை எடுங்கள். சுருளின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் கொம்பனிக்குக் கொம்பனி மாறும்.

கண்ணாடியும் முக்கியம். சாதாரண பூதக்கண்ணாடி ஒரு கையைப் பிடித்துவைத்துவிடும், இந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். மணிக்கூடு திருத்துபவர்கள் கண்ணில் பொருத்துவார்களே, அது ஒன்று யாழ்ப்பாணம் கன்னாதிட்டிப் பக்கம் நகைத் தொழில் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. அதை வைத்த பிறகுதான் அந்தப் பிளவை முழுதாகக் கண்டேன். இவ்வளவு சின்ன இடத்துக்குள் இவ்வளவு ஒழுங்கான கட்டுமானமா என்று கொஞ்ச நேரம் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டு மாஸ்டர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பூவுக்கு ஒப்பரேசனோ?" என்றார்.

"ஓம் மாஸ்டர், கொஞ்சம் பொறுங்கோ, கை ஆடினால் போச்சு" என்றேன். அவர் அசையாமல் நின்று முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அன்று தொட்டது வெள்ளைப் பூ. வெள்ளையில் இப்போது நிற்கும் ஒரு சோடிக் கொம்பு அதில் வந்ததுதான்.

வைத்து முடிந்ததும் கீறிய குழாயை மூடி நூலால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறேன். அது தேவையில்லை என்பார்கள். காற்றில் உள்ளே காய்ந்துவிடாமல் இருக்கட்டும் என்று நான் செய்கிறேன். பிடிக்காத பூ சில நாளில் காம்போடு விழுந்துவிடும். பிடித்தது அப்படியே நிற்கும், இரண்டு கிழமையில் அடி பருக்கும். வைகாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. சோளகக் காற்று பலமாக எழுந்தால் பிளேட்டும் பிடிபடாது, பூவும் நில்லாது.

இந்தச் செடி எனக்கு எப்படிப் பழக்கம் என்றால், ஓமானில். தும்ரைத் என்று ஓர் ஊர். சலாலாவிலிருந்து வடக்கே மலையேறி இறங்கினால் சுமார் 80 கிலோமீற்றர். அங்கே ஒரு கராஜில் கனரக வாகனம் திருத்தும் வேலை. ஆனி முதல் புரட்டாதித் தொடக்கம் வரை சலாலாவில் கரீஃப் என்ற பருவமழைக் காலம், மழைத்தூறலும் மூடுபனியுமாக மலை முழுக்கப் பச்சையாக இருக்கும். மலை உச்சியைத் தாண்டியதும் பனி அப்படியே நின்றுவிடும். அந்தப் பக்கம் கல்லும் மண்ணும்தான். போகும் வழியில் வாதி தவ்கா என்ற பள்ளத்தாக்கில் லுபான் என்ற சாம்பிராணி மரங்கள் நிற்கின்றன. யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மிர்பாத் என்ற கரையோர ஊருக்குப் பக்கத்து மலைச் சரிவுகளில் அடீனியம் தானாக வளர்ந்து நிற்கும். பாறை இடுக்கில் பெருத்த அடிமரம், ஓர் இலை இல்லை, கொப்பு முழுக்கப் பூ. அங்கிருந்து நான் ஒரு விதைகூட எடுத்துவரவில்லை. அது அங்கே நிற்க வேண்டியது. என் செடிகள் எல்லாம் இங்கே வாங்கியவை.

தும்ரைத்தில் நாள் எப்படிப் போகும் என்றால், விடிய முன்னமே வேலை தொடங்கும். கோடையில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மத்தியானம் 12.30 முதல் 3.30 வரை வெளிவேலை செய்விக்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அந்த நேரம் அறைக்குள் படுத்துக் கிடப்போம். மாலையில் மலையாளச் சேட்டன் தேநீர்க் கடை. இரவு வெளியே பாய் போட்டால் பேச்சு எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வரும், எப்போது முடித்துக்கொண்டு போவது என்று. வேலை முடிந்தால் விசாவும் முடியும். அங்கேயே இருந்து வயதாவது எங்களுக்கு இல்லை. மாதாமாதம் ஓய்வூதியமும் இல்லை, முடிவில் ஒரு தொகைதான். பழைய சட்டத்தில் முதல் 3 வருடத்துக்கு, வருடத்துக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். 2023இல் வந்த புதிய சட்டத்தில் முதல் வருடத்திலிருந்தே ஒரு மாதம் ஆக்கியிருக்கிறார்கள். மாஸ்டருக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடும். எனக்குக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் வளைகுடாவில் இருக்கும் தம்பிமார் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு தொகையை வீட்டு மதிலிலும் ஓட்டிலும் முழுக்கப் போட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அந்தப் பாயில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னது, "ஊருக்குப் போய்க் காலை நீட்டிப் படுப்பேன்" என்பதுதான். நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்குக் காலையில் எழும்ப ஒரு காரணம் வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. கை முழுக்க கிறீஸோடு பெரிய நட்டுகளைத் திருகிய கைக்கு, கண்ணுக்குத் தெரியாத பிளவில் தங்கூசி நுழைக்கும் வேலை பிடித்துப்போனது. காலை ஆறரைக்குப் பூ தயாராக இருக்கும். அது எனக்காகக் காத்திராது. எழும்பித்தான் ஆக வேண்டும்.

இந்தச் செடிக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு எதிரி. ஒன்று மாரி. நாம் வறண்ட பூமி என்று சொல்லிக்கொண்டாலும் வருடத்துக்கு 1200 மில்லிமீற்றர் அளவில் மழை விழுகிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள். அப்போது வெளியில் நின்றால் அடிக்கிழங்கு அழுகிவிடும். புரட்டாதி முடிவில் எல்லாச் சாடியையும் தகரக் கொட்டகைக்குள் ஏற்றிவிடுவேன். மற்றது கிணற்றுத் தண்ணீர். நிலத்தடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல், அந்தச் சுண்ணாம்பு தண்ணீரிலும் வரும். அதையே விட்டுக்கொண்டிருந்தால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் நடுவெல்லாம் மஞ்சளாகவும் இளம் இலை வரும். மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்து, கோடையில் கொம்பு பிடித்த செடிகளுக்கு மட்டும் விடுகிறேன். மற்றவை கிணற்றுத் தண்ணீரில்தான்.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணற்காட்டுப் பக்கம் போய் ஒரு பை அள்ளலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்தத் திட்டிகள் குடிதண்ணீரைத் தாங்கி வைத்திருப்பவை, மணல் அள்ள அனுமதியும் வேண்டும். மணலில் புதைந்த பழைய தேவாலயத்தைப் பார்க்கப் போங்கள், சவுக்கு நிழலில் இருந்துவிட்டு வாருங்கள். சாடிக்கு, வீடு கட்டி மிஞ்சி ஒரு மாரி மழையில் கழுவுண்ட மணல் போதும். அரித்துப் பருமனானதை எடுத்தால் சரி.

ஒட்டுச்செடி வாங்குவதில் எனக்குக் கோபம் இருக்கிறது. தாய்லாந்து, தாய்வான் கலப்பினங்கள் கொழும்பு வழியாக வருகின்றன, நல்ல செடிகள்தான். ஆனால் படத்தில் அடர் கறுஞ்சிவப்பு அடுக்குப் பூவைக் காட்டி விற்றார் ஒருவர். பூத்தபோது சாதாரண இளஞ்சிவப்பு. கேட்டால் வெயில் போதாது என்கிறார். நிறம் வெயிலில் கூடும் குறையும், ஒற்றை அடுக்கு பல அடுக்கு ஆகாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடைகளில் பூவோடு நிற்கும் செடியைப் பார்த்து வாங்குவதே மேல். விலை கொஞ்சம் கூட என்றாலும் கண்ணால் கண்டது.

பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு: இதுவும் அலரிக் குடும்பம். பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆபிரிக்காவில் வேட்டை அம்புக்குப் பூசினார்கள். மஞ்சள் அலரி விதையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெட்டிய பிளேட்டைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஆட்டுக்குக் குழை வெட்டும்போது இதன் கொப்பு கலந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

கொம்பு முற்ற மொத்தம் மூன்று மாதம் அளவில் செல்லும். நிறம் மங்கி வெடிக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் இப்போதே மூன்று இடத்தில் தும்பு நூலால் கட்டிவிட்டேன். எருக்கலை விதைக்கு ஒரு முனையில்தான் பஞ்சு. இதற்கு இரண்டு முனையிலும். வெடித்தால் சோளகத்தில் ஒன்றுகூடக் கைக்கு வராது. மனைவி பழைய காலுறை ஒன்றை வெட்டி உறை தைத்துத் தந்திருக்கிறாள், அதையும் போட்டாயிற்று. புது விதை ஒரு கிழமைக்குள் முளைக்கும். ஆவணியில் போட்டால் மாரிக்கு முன் நாலு இலையாவது வந்துவிடும்.

இது முடிவதற்குள் அடுத்ததும் தலைக்குள் வந்துவிட்டது. நெடுந்தீவில் நிற்கும் பெருக்க மரம் (பாவோபாப்) பார்த்திருப்பீர்கள், மன்னார் பள்ளிமுனையிலும் ஒன்று நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். அதே மரம் மிர்பாத் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றிலும் கூட்டமாக நிற்கிறது. அதன் விதையின் தோல் கடினம், அரத்தால் தேய்த்து வெந்நீரில் ஊறப்போட வேண்டும். மன்னாரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் காய் கேட்டிருக்கிறேன். சாடியில் வைத்துக் குட்டை மரமாக வளர்க்கும் எண்ணம்.

அடுத்த சித்திரைக்கு எனக்கு உண்மையான அடர் கறுஞ்சிவப்பின் மகரந்தம் வேண்டும். வடமராட்சியிலோ வலிகாமத்திலோ யாரிடமாவது பூத்து நின்றால், விரிந்த அன்றே காலையில் இரண்டு பூவைக் காம்போடு பறித்து, ஈரம் படாமல் சின்னப் பேணியில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்கு இந்த மூன்று சோடியில் வரும் விதையில் உங்களுக்கும் பங்கு.