ஃபிட்டர் பிராக்டிகலுக்கு முன்னால் உங்கள் கருவிகளைப் பாருங்கள்

பெங்களூரில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் தேர்வு நெருங்கினால் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, என்ன ஜாப் வரும்?" என்பதுதான். ஜாப் என்றால் தேர்வில் செய்து காட்ட வேண்டிய பொருள். சதுரமா, டி வடிவமா, டவ்டெயிலா என்று தெரிந்தால் அதையே பழகிவிடலாம் என்று நினைக்கிறார்கள். நானும் இங்கேதான் ஃபிட்டர் முடித்தேன், இப்போது பீன்யாவில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எந்த ஜாப் வந்தாலும் அதைச் செய்யப் போவது அதே அரம், இரும்பு அறுக்கும் ஹேக்ஸா, உளி, சுத்தியல், அளவு பார்க்கும் வெர்னியர்தான். கடைசி வாரத்தில் இன்னொரு ஜாப் செய்து பார்ப்பதைவிட, இவற்றைச் சரிசெய்து வைப்பது அதிக மதிப்பெண் தரும்.

அரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தேர்வு நேரத்தில் பெரும்பகுதி அதோடுதான் போகும். ஃபிட்டிங் ஜாப்பில் அளவு ±0.04 மி.மீ.க்குள்ளும் கோணம் 30 நிமிடத்துக்குள்ளும் (அதாவது அரை டிகிரிக்குள்) வர வேண்டும். அரத்தின் பல்லிடுக்கில் ஒரு துகள் சிக்கியிருந்தால் போதும், முடியும் தறுவாயில் இருக்கும் ஜாப்பின் முகத்தில் ஆழமாகக் கீறிவிடும். அந்தக் கீறலை எடுக்கத் தேய்த்தால் அளவு குறைந்துவிடும். துகள் இப்படிச் சிக்கிக்கொள்வதற்குப் பெயர் பின்னிங். கம்பி பிரஷ்ஷைப் பல் வரிசை போகும் திசையிலேயே இழுத்துத் துகளை எடுங்கள். பிரஷ்ஷுக்கு வராமல் இறுகிப்போன துகளை மெல்லிய பித்தளைத் தகட்டின் முனையால் தள்ளி எடுக்கலாம். கடைசி ஃபினிஷிங்குக்கு ஸ்மூத் அரத்தை எடுக்கும் முன் அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளுங்கள். பல்லிடுக்கைச் சுண்ணாம்புத் தூள் அடைத்துக்கொள்வதால் இரும்புத் துகள் ஒட்டாது. தேய்க்கிற முகத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்ட இடத்தில் அரம் வழுக்கும், பிசிறு கையைக் கிழிக்கும். சமதளமா என்று பார்க்க ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

அரத்தின் பற்கள் முன்பக்கம் சாய்ந்தவை. முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்கும். தேர்வாளர் தூரத்தில் நின்று கேட்டாலே அந்தச் சத்தத்தில் உங்கள் பழக்கம் அவருக்குத் தெரிந்துவிடும். அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைக்காதீர்கள். எல்லாமே கடினப்படுத்திய ஹை கார்பன் ஸ்டீல் என்பதால் ஒன்றை ஒன்று உரசிப் பல் போய்விடும். பழைய ஜீன்ஸ் துணியில் தனித்தனி பை தைத்து, சுருட்டி வைத்துக்கொள்ளலாம். செலவே இல்லை.

சில இடங்களில் ஸ்டோரில் கொடுக்கும் அரங்களுக்குக் கைப்பிடியே இருக்காது. தயவுசெய்து அப்படியே தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். அரம் எங்காவது தட்டி நின்றால் கைப்பிடிக்குள் போக வேண்டிய அந்தக் கூரான வால் உள்ளங்கையில் இறங்கும். எஸ்.பி. ரோட்டில் கருவிக் கடைகளில் மரக் கைப்பிடிகள் தனியாகவே கிடைக்கும், நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கைப்பிடியின் வாயில் இரும்பு வளையம் இருக்கிறதா, மரத்தில் விரிசல் இல்லையா என்று மட்டும் பாருங்கள். வாலைத் துளைக்குள் நுழைத்து, கைப்பிடியின் அடிப்பக்கத்தைப் பெஞ்சில் தட்டினால் இறுகிவிடும். சுத்தியலால் அரத்தை அடிக்க வேண்டாம். அது நொறுங்கும் இனம், தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. அதே காரணத்துக்காகப் பழைய அரத்தை நெம்புகோலாகவும் பயன்படுத்தக் கூடாது.

உளியில் தேர்வாளர்கள் முதலில் பார்ப்பது தலையைத்தான். அடிபட்டு அடிபட்டுத் தலை காளான் போல விரிந்திருந்தால் அதன் ஓரம் தெறித்துப் பறக்கும். கிரைண்டரில் அந்த விரிவை எடுத்துவிட்டு ஓரத்தைச் சற்றுச் சரிவாக்குங்கள். முனையைத் தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். நுனி நீலம் பாய்ந்தால் டெம்பர், அதாவது அதன் கடினத்தன்மை, போய்விட்டது என்று அர்த்தம், அந்த முனை இனி கூர் நிற்காது. மைல்ட் ஸ்டீலுக்கு 55 டிகிரி, வார்ப்பிரும்புக்கு 60, அலுமினியத்துக்கு 30 என்று கோணம் மாறும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இது அநேகமாக வரும்.

கிரைண்டர் கைக்கருவி இல்லைதான், ஆனால் உளி தீட்ட அங்கேதானே போக வேண்டும். உளியைத் தாங்கி வைக்கும் டூல் ரெஸ்டுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி 2 மி.மீ. அளவில் இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. ஸ்விட்ச் போடும்போது சக்கரத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். சக்கரத்தில் விரிசல் இருந்தால் அது உடைவது பெரும்பாலும் வேகம் எடுக்கும்போதுதான்.

சுத்தியலில் இரண்டு விஷயம் போதும்: தலையைப் பிடியோடு இறுக்கும் ஆப்பு இறுக்கமாக இருக்கிறதா, முகத்திலும் பிடியிலும் எண்ணெய் இல்லையா. ஸ்பேனரை உங்கள் பக்கம் இழுத்துத்தான் திருக வேண்டும், நீளம் போதவில்லை என்று பைப் மாட்டக் கூடாது. ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் கைப்பிடியிலும் பைப் மாட்டக் கூடாது.

ஹேக்ஸாவில் பற்கள் முன்னோக்கி இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்வில் நேரத்தைத் தின்பது வேறொன்று. பாதி அறுக்கும்போது பிளேடு உடைந்தால், புதியதை மாட்டி அதே வெட்டில் இறக்கிவிடுகிறார்கள். தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு குறுகலாக இருக்கும், புதிய பிளேடின் பற்கள் அதைவிட அகலமாக விரிந்திருக்கும். சிக்கிக்கொண்டு அதுவும் உடையும். ஜாப்பைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து புதிதாக அறுங்கள். மெல்லிய குழாய்க்கு 0.8 மி.மீ. பிட்ச் (பல்லுக்குப் பல் இடைவெளி) பிளேடு ஏன் என்று கேட்டால், எந்நேரமும் இரண்டு மூன்று பற்களாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும் என்பதே பதில்.

வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. நீங்கள் பிடிக்க வேண்டியதோ 0.04. தாடைகளை மூடினால் ஜீரோ காட்டாத ஜீரோ பிழையைப் பார்க்காமல் ஜாப்பைத் தொடங்கினால் பாதி டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வித்தியாசம்) அங்கேயே போய்விடக்கூடும். அளப்பதற்கு முன் விளிம்பில் உள்ள பிசிறை எடுங்கள், இல்லாவிட்டால் ரீடிங் கூடுதலாகக் காட்டும், நீங்கள் அதை நம்பி இன்னும் தேய்த்துவிடுவீர்கள். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் அரங்களுக்குப் பக்கத்தில் வைக்காமல் தனித் துணியில் வையுங்கள். மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைக்கும்போது இரண்டு முகமும் ஒட்டாமல் சிறு இடைவெளி விட வேண்டும்.

ஜாப்பை ஒப்படைக்கும் முன் கொஞ்சம் நேரம் மிச்சம் வையுங்கள். பிசிறு எடுத்து, துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, பெஞ்சில் உள்ள துகளைப் பிரஷ்ஷால் கூட்டுங்கள். வாயால் ஊதினால் கண்ணில் விழும்.

வைவா பற்றி ஒரு வார்த்தை. இங்கே தேர்வாளர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பார். ஆனால் காரணம் மனதில் பதிய வேண்டும் என்றால் தமிழில் படிப்பதே நல்லது. சென்னை நிமி நிறுவனம் ஃபிட்டர் புத்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது, வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், நண்பரோடு எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் ஒரு கருவியைக் கையில் எடுத்து, அதை ஏன் இப்படிப் பிடிக்கிறோம், ஏன் இப்படி வைக்கிறோம் என்று கன்னடத்தில் கேட்க, மற்றவர் கன்னடத்திலேயே பதில் சொல்லட்டும். அப்ரண்டிஸ் இன்டர்வியூவிலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.