பகைவர் எழுதிய வரி

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 16 அன்று செய்தித்தாள்களில் தவறாமல் வெளியாகும் புகைப்படம் ஒன்று உண்டு. டாக்கா மைதானத்தில் போடப்பட்ட ஒரு மேசையில் பாகிஸ்தானின் லெப்டினென்ட் ஜெனரல் நியாசி சரணடையும் ஆவணத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பார். அருகில் லெப்டினென்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா அமர்ந்திருப்பார். 1971 போரில் இந்தியா வென்றதையும் வங்கதேசம் பிறந்ததையும் அந்த ஒரு படமே சொல்லிவிடுகிறது. எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம், அதே நாள் காலையில், டாக்காவிலிருந்து வெகு தொலைவில், மேற்கு எல்லையின் ஷகர்கர் பகுதியில், எரிந்துகொண்டிருந்த டாங்கிக்குள் உயிர்விட்ட 21 வயது இளைஞர் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். செகண்ட் லெப்டினென்ட் அருண் கேத்ரபால்.

அவருடைய பெயரை எனக்கு முதலில் சொன்னவர் என் பெரியப்பா. இராணுவத்தின் பொறியாளர் படைகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் பணிபுரிந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அந்தப் படையினரை இராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம் என்பதை, தனக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும், ஒரு விருதைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொள்வார். கேத்ரபாலின் கதையை அவர் எப்போதும் டாங்கியிலிருந்து தொடங்கமாட்டார், கண்ணிவெடியிலிருந்துதான் தொடங்குவார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகளுக்கு வழி ஏற்படுத்த, இரவோடு இரவாகக் கண்ணிவெடிகளை அகற்றியது மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9ஆவது பொறியாளர் ரெஜிமென்ட். அந்தப் போர்முனையில் உயிரிழந்த அதன் அதிகாரி மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. டாங்கியில் போனவரை உலகம் அறியும், அது போவதற்குத் தரையைத் தடவித் தடவி வழி திறந்தவர்களை யார் அறிவார்கள் என்பது பெரியப்பாவின் தீராத குறை. நியாயமான குறைதான். ஆனாலும் கதை கேத்ரபாலிடம் வந்து சேரும்போது அவருடைய குரல் தானாகவே தணிந்துவிடும்.

அருண் 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தார். தேசப் பிரிவினையின்போது இன்றைய பாகிஸ்தானில் உள்ள சர்கோதாவை விட்டு வந்த குடும்பம். தந்தை எம். எல். கேத்ரபால் இராணுவப் பொறியாளர் பிரிவில் பிரிகேடியர் நிலை வரை உயர்ந்தவர். தாத்தா முதல் உலகப் போரில் பணியாற்றியவர். குடும்பப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: கேத்ரபால் என்பது க்ஷேத்திரபாலர் என்பதன் பஞ்சாபி வடிவம்; நம் சிவாலயங்களில் இரவில் கோயிலின் சாவியை யாரிடம் ஒப்படைத்துவிட்டு வருவதாக ஐதீகமோ, அந்தக் காவல் தெய்வமான பைரவரின் பெயர்தான் அது. பெயருக்கும் விதிக்கும் முடிச்சுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றாலும், இதைக் கவனித்த பிறகு மறக்க முடியவில்லை.

சனாவரில் உள்ள லாரன்ஸ் பள்ளியில் படித்து, தேசியப் பாதுகாப்பு அகாதெமியிலும் பின்னர் டேராடூனிலும் பயிற்சி முடித்து, 1971 ஜூன் 13 அன்று 17ஆவது பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். அவர் கொல்லப்பட்டது டிசம்பர் 16. ஆறு மாதமும் மூன்று நாளும்தான் அவருடைய பணிக்காலம். அதிலும் ஒரு பகுதி அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பில் கழிந்தது. போர் நெருங்கியபோது வகுப்பைப் பாதியில் முடித்து எல்லோரையும் அவரவர் படைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தப் பயணத்தில் டெல்லியில் வீட்டுக்கு வந்து சென்றபோது நடந்த ஒன்றை அவருடைய குடும்பத்தார் பல முறை சொல்லியிருக்கிறார்கள். போர்முனைக்குப் போகிறவர் தன் சாமான்களோடு கோல்ஃப் மட்டைகளையும், விருந்துகளுக்கு அணியும் நீலச் சீருடையையும் எடுத்து வைத்துக்கொண்டாராம். எதற்கு இவை என்று கேட்டதற்கு, லாகூரில் கோல்ஃப் ஆடப் போகிறேன், வெற்றிக்குப் பிறகு விருந்து நடக்கும் அல்லவா, அதற்கு உடை வேண்டாமா என்று பதில் சொல்லியிருக்கிறார். சிலைகளிலும் அஞ்சல்தலைகளிலும் நாம் பார்க்கும் இறுகிய முகத்தைவிட இந்தக் கோல்ஃப் மட்டைகள்தான் எனக்கு அவரைக் காட்டுகின்றன. 21 வயதில் போர் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததால்தான் அத்தனை தெளிவாக விருந்துக்கு உடை எடுத்து வைக்க முடிகிறது.

விடைகொடுத்தபோது தாய், தாத்தாவும் அப்பாவும் வீரர்கள், நீயும் சிங்கம்போலப் போரிடு, கோழையாகத் திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பியதாக ஒரு செய்தி உண்டு. தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் மறக்குடித் தாயரைப் பற்றிய பழம்பாடல்கள் தாமாகவே நினைவில் எழும். எனக்கும் எழுந்தன. ஆனால் அந்தச் சொற்களை மேடைகளில் கைதட்டலுக்காக எடுத்தாளும்போது நான் சங்கடப்படுவதுண்டு. பிள்ளையை ரயிலேற்றப் போகும் நேரத்தில் ஒரு தாய் எதைச் சொன்னாலும் அது அந்த நேரத்தைக் கடப்பதற்காகச் சொன்னது. அதை முழக்கமாக்கும் உரிமை நமக்கு இல்லை.

இனிப் போர்க்களம். பசந்தர் என்பது ஜம்முவின் சாம்பாப் பகுதியிலிருந்து எல்லையைக் கடந்து பாகிஸ்தானுக்குள் ஓடும் ஆறு. ஆற்றையொட்டிய நிலமெங்கும் பாகிஸ்தான் படை கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தது. டிசம்பர் 15 இரவு இந்தியக் காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம்பிடித்துவிட்டது. ஆனால் டாங்கிகள் போவதற்கான பாதையில் பாதியளவே கண்ணிவெடிகள் அகற்றப்பட்டிருந்தன. அந்த நேரத்தில் எதிரியின் டாங்கிகள் திரளும் அறிகுறி தெரிந்து, காலாட்படையினர் உதவி கேட்டார்கள். பாதை முழுமையாகத் திறக்கும்வரை காத்திருந்தால் விடிவதற்குள் அவர்கள் நசுக்கப்பட்டுவிடுவார்கள். பூனா ஹார்ஸின் தளபதி லெப்டினென்ட் கர்னல் ஹனுத் சிங் காத்திருக்கவில்லை. கண்ணிவெடிகள் கிடக்கும் நிலத்தின் மீதே டாங்கிகளைச் செலுத்தச் சொன்னார். டாங்கிகள் அக்கரை சேர்ந்தே விட்டன. இந்த இடத்தில் மட்டும் பெரியப்பா, கணக்குத் தெரிந்தவர் ஒருவர் விடை தப்பாக வந்தும் மகிழ்வதுபோல, தலையை ஆட்டிக்கொண்டு சிரிப்பார்.

மறுநாள் காலை எட்டு மணியளவில், புகைத்திரையின் மறைவில், ஜர்பால் என்ற ஊருக்கருகே பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் ரெஜிமென்ட் பாட்டன் டாங்கிகளோடு எதிர்த்தாக்குதல் தொடுத்தது. அங்கிருந்த இந்திய டாங்கிப் பிரிவு எண்ணிக்கையில் குறைந்திருந்ததால் உதவி கோரியது. வேறொரு பிரிவில் இருந்த அருண் தம் செஞ்சூரியன் டாங்கியில் விரைந்தார். வழியில் எதிர்ப்பட்ட பகைவர் நிலைகளைத் தாக்கிக்கொண்டே சென்றார். சற்று நேரத்தில் அந்த முனையைக் காப்பதற்கு மூன்று டாங்கிகள்தான் மிஞ்சின: கேப்டன் மல்ஹோத்ரா, லெப்டினென்ட் அலாவத், அருண். மூவரும் சேர்ந்து பத்து டாங்கிகளை அழித்ததாகவும், அவற்றில் நான்கு அருணின் கணக்கு என்றும் பதிவாகியிருக்கிறது. அலாவத் காயமடைந்தார். மல்ஹோத்ராவின் பீரங்கி இயங்காமல் நின்றுவிட்டது. அருணின் டாங்கியும் அடிபட்டுத் தீப்பிடித்தது.

டாங்கியை விட்டு வெளியேறுமாறு வயர்லெஸ்ஸில் கட்டளை வந்தது. முடியாது, என் டாங்கியைக் கைவிடமாட்டேன், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இவர்களை விடப்போவதில்லை என்று அவர் சொன்ன பதில் இன்று எல்லோருக்கும் தெரியும். இதில் ‘கைவிடமாட்டேன்’ என்ற பகுதியைத்தான் உரைகளில் உரக்கச் சொல்கிறார்கள். என்னை நிறுத்துவது ‘பீரங்கி இன்னும் வேலை செய்கிறது’ என்ற பகுதி. கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே முதல் பாடமாகக் கற்றுத்தரும் ஓர் அமைப்பில் ஆறு மாதமே ஆன இளைஞர், கட்டளையை மறுக்கும்போதும் அதற்கான காரணத்தை, தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தின் நிலையை மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பதுபோலத் தெரிவிக்கிறார். அடுத்த சுற்றில் மிக அருகிலிருந்து வந்த குண்டு அவருடைய டாங்கியைத் துளைத்தது. டாங்கிக்குள் அவரோடு இருந்த மூவரில் சவார் நந்த் சிங்கும் அன்று இறந்தார். ஓட்டுநர் பிரயாக் சிங்கும் பீரங்கி இயக்கிய நத்து சிங்கும் பிழைத்தார்கள். அந்த டாங்கியின் பெயர் ஃபமகுஸ்தா. சைப்ரஸ் தீவில் உள்ள ஒரு துறைமுக நகரின் பெயர் அது.

அன்று மாலை டாக்காவில் கையெழுத்தானது. மறுநாள் இரவு எட்டு மணிக்கு மேற்கு எல்லையிலும் போர் நின்றது. டெல்லியில் இருந்த குடும்பம் எல்லாக் குடும்பங்களையும்போல மூச்சுவிட்டிருக்கும். பிறகுதான் தந்தி வந்தது.

அவருக்குப் பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அந்தப் போரில் அவ்விருதைப் பெற்ற நால்வரில், அதே ஜர்பாலில் காலாட்படையோடு நின்று போரிட்ட மேஜர் ஹோஷியார் சிங் ஒருவர்தான் உயிரோடு திரும்பினார். பின்னர் அகாதெமியின் அணிவகுப்புத் திடலுக்கு அருணின் பெயரிட்டார்கள். 2023இல் அந்தமானில் உள்ள தீவு ஒன்றுக்கும் பெயரிட்டார்கள்.

இங்கே முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். 2001ஆம் ஆண்டு, 81 வயதான பிரிகேடியர் கேத்ரபால், தாம் பிறந்த சர்கோதாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரை வரவேற்றுத் தம் வீட்டில் தங்கவைத்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர். மூன்று நாள்கள் அந்த வீட்டில் அவருக்கு நடந்த உபசரிப்பு, வேற்று நாட்டு முதியவர் ஒருவருக்கு யாரும் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக இருந்தது. கடைசி இரவு, உணவுக்குப் பிறகு தோட்டத்தில் அமர்ந்திருந்தபோது, நாசர் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார். உங்கள் மகனும் நானும் ஒருவரையொருவர் அறியாத சிப்பாய்கள். அவரவர் நாட்டுக்காக அன்று எதிரெதிரே நின்றோம். உங்கள் மகன் என் கையால்தான் இறந்தார். அன்று 13 லான்சர்ஸின் டாங்கிப் பிரிவொன்றை நடத்தியவர் நாசர். கடைசியில் இருவரும் ஒருவர்மீது ஒருவர் சுட்டிருக்கிறார்கள், அவர் பிழைத்திருக்கிறார்.

தந்தை என்ன சொல்வார்? மகனைக் கொன்றவரின் வீட்டுத் தோட்டம். உண்டது அவர் இட்ட உணவு. சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு உறங்கப் போனார். அவர் டெல்லி திரும்பிய பிறகு நாசரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. அதில், 13 லான்சர்ஸின் எதிர்த்தாக்குதலில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே அசைக்க முடியாத பாறையாக நின்ற ஷஹீத் (வீரமரணம் அடைந்த) செகண்ட் லெப்டினென்ட் அருண் கேத்ரபாலின் தந்தைக்கு என்று எழுதியிருந்தார்.

நம் பக்கம் செங்கத்திலும் தருமபுரியிலும் உள்ள நடுகற்களில், ஆநிரையை மீட்டு இறந்தவன் யார், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன் என்றெல்லாம் வெட்டியிருக்கும். அவற்றை நட்டவர்கள் உறவினரும் ஊராரும். அவன் எப்படி நின்றான், எப்படி விழுந்தான் என்பதை நேருக்கு நேராகக் கண்டவன் கொன்றவன்தான். அவன் கல் நடுவதில்லை. அருண் கேத்ரபாலுக்கு அரசு வைத்த சிலைகளைவிடவும், அவர் பெயர் தாங்கிய தீவைவிடவும், லாகூரிலிருந்து வந்த அந்த ஒரு வரி எனக்குப் பெரியதாகத் தெரிவது அதனால்தான்.

லாகூர்க் கதை பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் அவருக்குச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த மூணு நாளும் அந்த மனுசனுக்குச் சோறு இறங்கியிருக்காதே” என்றார். கடைசி இரவு வரைக்கும் அவருக்கு எதுவும் தெரியாதே பெரியப்பா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நான் வீட்டுக்காரரைச் சொன்னேன்” என்றார்.