இலையைப் பார்த்ததா, பனியைப் பார்த்ததா?

சென்ற ஆண்டு சம்பாப் பருவத்தில், நெல்லின் குலை நோயை இலைப் படத்தைக் கொண்டே கண்டறியும் சிறு இயந்திரக் கற்றல் மாதிரி (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரல்) ஒன்றைச் செய்துபார்க்கும் ஆசையில், மாமாவின் வயலில் கைப்பேசியால் சில நூறு படங்கள் எடுத்தேன். குலை நோயின் புள்ளி கண் வடிவில் இருக்கும். இரு முனைகளும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமாகத் தெரியும். அதைப் பிரித்தறிவது கணினிக்குப் பெரிய வேலையாக இராது என்று நினைத்தேன். நினைத்தபடியே, சோதனைக்கென ஒதுக்கிவைத்த படங்களில் ஏறக்குறைய ஒன்றுகூடத் தவறவில்லை. மறுவாரம் பக்கத்து ஊர் வயலுக்குப் போய்ச் சோதித்தபோதோ, நல்ல இலைகளையெல்லாம் அது நோயுற்றவை என்றது. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. நோயுற்ற இலைகளை நான் விடியற்காலையில், பனித்துளி உலருமுன் எடுத்திருந்தேன். நல்ல இலைகளை மாலையில் எடுத்திருந்தேன். மாதிரி கற்றது நோயை அன்று, பனியை. பக்கத்து ஊருக்கு நான் போனதும் காலை ஏழு மணிக்குத்தான்.

கற்றுக்குட்டியின் பிழை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இதே பள்ளத்தின் விளிம்பில்தான் இத்துறையின் புகழ்பெற்ற ஆய்வு ஒன்றும் நிற்கிறது. 2016-இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவரும், பிளாண்ட்வில்லேஜ் என்ற பயிர் நோய்ப் படத் தொகுப்பிலிருந்த 54,306 இலைப் படங்களைக் கொண்டு, 14 பயிர்களையும் 26 நோய்களையும் பிரித்தறியும் ஆழ்கற்றல் மாதிரியை உருவாக்கினார்கள். (தக்காளி, உருளை, ஆப்பிளெல்லாம் உண்டு, நெல் இல்லை.) துல்லியம் 99.35 விழுக்காடு. அந்த எண்ணை எத்தனையோ கட்டுரைகள் எடுத்தாண்டுவிட்டன. அதே ஆய்வில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31.4 விழுக்காட்டுக்கு இறங்கியதை ஆசிரியர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துச் சொல்பவர்கள்தாம் குறைவு.

பிளாண்ட்வில்லேஜ் படங்களில் இலைகள் பறிக்கப்பட்டு, ஒற்றை நிறப் பின்னணியில் ஒவ்வொன்றாகக் கிடத்தப்பட்டிருக்கும். பின்னாளில் இன்னோர் ஆய்வு இலையை அறவே விட்டுவிட்டு, படத்தின் பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் படப்புள்ளிகளை மட்டும் எடுத்து ஒரு மாதிரியைப் பயிற்றுவித்தது. பயிரையும் அதன் நோயையும் (அல்லது நோயின்மையையும்) இணைத்த 38 வகைகளில் குருட்டாம்போக்கில் ஊகித்தால் 2.6 விழுக்காடு சரியாக வரும். அந்த எட்டுப் புள்ளிகள் 49 விழுக்காடு சரியாகச் சொல்லின. இலையே இல்லாமல் இலை நோயைப் பாதியளவு கண்டுபிடித்துவிட்டது என்றால், வெளிச்சமும் மேசையும் படம் எடுத்த நாளும் அந்தப் பின்னணிக்குள் எவ்வளவு ஒளிந்திருக்க வேண்டும்!

பயிர் மரபியலில் இதற்கு நேரான சிக்கல் ஒன்று உண்டு. அங்கே மேசையின் இடத்தில் உறவுமுறை நிற்கிறது. ஒரு பண்பை ஒற்றை மரபணு பெருமளவு ஆளும்போது வேலை ஓரளவு எளிது. வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தும் பிழைக்கும் திறனை, ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ நெல்லிலிருந்து எடுத்து, சுவர்ணா முதலிய ரகங்களுக்குள் கொண்டுவர முடிந்தது, சப்1ஏ என்ற மரபணு அடையாளம் காணப்பட்டதால்தான். விளைச்சல் அப்படிப்பட்டதன்று. சிறு சிறு பங்களிக்கும் எண்ணற்ற மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, மரபணுத்தொகை முழுவதும் பரவிய ஆயிரக்கணக்கான குறிப்பான்களின் (செடிக்குச் செடி வேறுபடும் டிஎன்ஏ இடங்களின்) பங்கை ஒருசேரக் கணித்து, வயலில் விளைவிக்கும் முன்பே எந்தச் செடி தேறும் என்று முன்கணிக்கும் வழியை, 2001-இல் மியூவிசன், ஹேய்ஸ், காடர்ட் ஆகியோர் முன்வைத்தார்கள். முதலில் கறவை மாடுகளில் வேரூன்றி, பின்னர் பயிர்களுக்கு வந்த முறை அது.

இதில் மாதிரி எதைக் கற்கிறது என்பதுதான் கேள்வி. நெல்லின் இரு பெரும் பிரிவுகளான இண்டிகாவும் ஜப்பானிகாவும் ஆயிரக்கணக்கான இடங்களில் வேறுபடுபவை. ஒரு பண்பு இண்டிகாவில் மிகுந்து காணப்பட்டால், இரண்டையும் பிரிக்கும் எந்தக் குறிப்பானும் அதற்குக் காரணம்போல வேடம் போடும். அதுபோலவே, ஒரே தாய் தந்தையின் வழித்தோன்றல்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கலைத்து, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைத்தால், மாதிரி உடன்பிறப்புகளை அடையாளம் கண்டே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஒரு குடும்பத்தை முழுமையாக விலக்கிவைத்துச் சோதித்தால் மதிப்பெண் சரியும். இனவிருத்தியாளர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். செடிகளுக்கிடையேயான உறவை அணியாக (எண்களின் கட்ட அட்டவணையாக) எழுதிக் கணக்கிலேயே சேர்ப்பார்கள், புதிய ஊரையும் புதிய ஆண்டையும் தனிச் சோதனைகளாகவே நடத்துவார்கள். படங்களோடு வேலை செய்யும் நாம் அவர்களிடம் பாடம் கேட்க ஏன் இவ்வளவு தயங்குகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

என் படங்களை இப்போது வயல்வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒரு வயலின் படம் பயிற்சியில் இருந்தால், அந்த வயலின் வேறெந்தப் படமும் சோதனையில் இராது. துல்லியம் பார்க்கச் சகிக்கவில்லை. வரும் சம்பாவில் ஒரே வரப்பில் நின்று, ஒரே வேளையில், நோயுற்ற இலையொன்று நல்ல இலையொன்று என்று மாற்றி மாற்றி எடுக்கப்போகிறேன். விடியலில் ஒரு சுற்று, நண்பகலில் ஒரு சுற்று என்று சொன்னபோது, மாமா முதலில் கேட்டது நண்பகல் வெயிலுக்குக் குடை யார் பிடிப்பது என்றுதான். குடை நிழலும் படத்தில் விழும் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.